எல்லை தாண்டிய ஆறாம் அலைவரிசை



எம்மில் மூத்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாக நினைவிருக்கும். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். கொழும்பில் ஒரு நிலையம். அதைக் கேட்டவர்களோ கடலுக்கு அப்பால் மதுரையிலும் திருச்சியிலும் இருந்தார்கள். பிறகு எண்பதுகளில் அதே கதை மறுபக்கமாக நடந்தது. யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளில் உயரமான அன்ரனாக்களைப் பூட்டி, தூரதர்ஷன் தெரிகிறதா என்று ஒருவர் மேலே நின்று திருப்ப, மற்றவர் கீழே நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்திய காலம் அது. நிலையம் ஒரு நாட்டிலும் நேயர் இன்னொரு நாட்டிலும் இருப்பது எமக்குப் புதிதல்ல.

ஆனால் ஒரு தொலைக்காட்சி நிலையம் தன் சொந்த நாட்டின் மொழியை விட்டு, அயல்நாட்டின் மொழியில், அயல்நாட்டு மக்களுக்காக 64 ஆண்டுகள் இயங்கியது என்றால் நம்புவீர்களா? மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், அமெரிக்க எல்லையோடு ஒட்டியிருக்கும் திஹுவானா நகரில் அப்படி ஒரு நிலையம் இருந்தது. அதன் பெயர் எக்ஸ்.ஈ.ரீ.வி. அலைவரிசை இலக்கம் 6. இந்த மாத உரையில் அதன் கதையைச் சொல்லப் போகிறேன். எங்களைப் போன்ற சமூக வானொலிக்காரருக்கு அதில் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். திஹுவானாவுக்கு நேர் வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரம். 1950இல் சான் டியேகோவில் 3 இலட்சத்து 34 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். திஹுவானாவில் அறுபதாயிரம் பேர் அளவில்தான். இன்று திஹுவானாவின் நிலை வேறு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 19 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் எங்கள் கதை தொடங்கும்போது காசும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் எல்லைக்கு வடக்கேதான் இருந்தன.

அந்த நாட்களில் சான் டியேகோவில் இருந்தது ஒரேயொரு தொலைக்காட்சி நிலையம். 1949 மே மாதம் தொடங்கிய 8ஆம் அலைவரிசை அது. இவ்வளவு பெரிய நகரத்தில் ஏன் ஒன்று மட்டும்? காரணம், 1948 செப்டெம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு புதிய தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் வழங்குவதை நிறுத்தி வைத்தது. நிலையங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாமல் அலைவரிசைகளை எப்படிப் பங்கிடுவது என்று ஆராய வேண்டியிருந்தது. சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை 1952 ஏப்ரல் வரை இழுபட்டது.

அந்தப் பங்கீட்டில் எல்லைப்புற நகரங்களுக்கு ஒரு சிக்கல். வானலைக்குக் கடவுச்சீட்டு கிடையாது. ஒரு பக்கத்தில் பயன்படுத்தும் அலைவரிசையை மறுபக்கத்தில் அருகிலேயே பயன்படுத்த முடியாது. எனவே இரு நாடுகளும் பேசி எல்லையோர அலைவரிசைகளைப் பகிர்ந்துகொண்டன. சாதாரணப் பெட்டியில் தெரியும் வீ.எச்.எப். வரிசையில் 8உம் 10உம் சான் டியேகோவுக்குப் போயின. 6உம் 12உம் திஹுவானாவுக்கு வந்தன. பெரிய நகரத்துக்கும் இரண்டு, சின்ன நகரத்துக்கும் இரண்டு. இந்தப் பங்கீட்டில்தான் எங்கள் கதையின் விதை இருக்கிறது.

இங்கே இருபது வருடம் பின்னோக்கிப் போக வேண்டும். எல்லையின் தென்பக்கத்தில் கோபுரத்தை நிறுத்தி வடபக்கத்துக்குப் பேசும் வழக்கத்தைத் தொடங்கியது தொலைக்காட்சி அல்ல, வானொலிதான். 1920களில் அமெரிக்காவும் கனடாவும் வானொலி அலைவரிசைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. மெக்சிகோவை யாரும் கேட்கவில்லை. அந்த மனத்தாங்கலில், அமெரிக்காவில் இடம் கிடைக்காத ஒலிபரப்பாளர்களுக்கு மெக்சிகோ இடம் கொடுத்தது. அவர்களில் பேர்போனவர் ஜோன் பிரிங்க்லி. கான்சாஸ் மாநிலத்தில் இருந்துகொண்டு, ஆட்டின் விதைச் சுரப்பியை ஆண்களுக்கு வைத்துத் தைத்தால் இளமை திரும்பும் என்று சொல்லிப் பணம் குவித்தவர். 1930இல் அவருடைய வானொலி அனுமதி பறிக்கப்பட்டது. அவர் எல்லையைத் தாண்டி, 1931இல் வில்லா அக்குனா என்ற மெக்சிகோ ஊரில் மிகப்பெரிய ஆற்றல் கொண்ட நிலையமொன்றை நிறுவினார். அமெரிக்காவின் பெரும்பகுதிக்கு அது கேட்டது. நல்லதும் வந்தது, கெட்டதும் வந்தது. கிராமியப் பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தினரைப் பரந்த அமெரிக்கா கேட்டதும் அதே நிலையத்தில்தான். போலி மருந்து விளம்பரங்களைக் கேட்டதும் அதே நிலையத்தில்தான்.

இதைத் தடுக்க 1934ஆம் ஆண்டுத் தொடர்பாடல் சட்டத்தில் அமெரிக்கா ஒரு பிரிவைச் சேர்த்தது. 325ஆம் பிரிவு. அமெரிக்காவில் கலையகத்தை வைத்துக்கொண்டு, அங்கே தயாரிக்கும் நிகழ்ச்சியை அயல்நாட்டு நிலையத்துக்கு அனுப்பி, அது அமெரிக்காவுக்குள் கேட்கும்படி ஒலிபரப்ப வேண்டுமானால் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நிகழ்ச்சியைத் தட்டில் பதிவு செய்து, கையில் எடுத்துக்கொண்டு போய் அக்கரையில் கொடுத்தால்? அப்படிச் செய்த ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். 1937இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கான தண்டனையை நீக்கியது. கம்பி வழியாகவோ அலை வழியாகவோ நேரே அனுப்பினால் அனுமதி வேண்டும். பதிவு செய்ததைக் காரில் வைத்துக் கொண்டு போனால் கேள்வியில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது வருடம் கழித்தும் இது திரும்பி வரும்.

சரி, 1953க்கு வருவோம். மெக்சிகோ நகரில் 1930இலேயே எக்ஸ்.ஈ.டபிள்யூ. வானொலியைத் தொடங்கி, அந்த நாட்டு ஒலிபரப்பின் பெருந்தலையாக விளங்கியவர் எமிலியோ அஸ்காராகா விதௌரேட்டா. பிற்காலத்தில் தெலெவிசா என்று உலகமறிந்த நிறுவனம் இந்தக் குடும்பத்தினுடையது. இவருடைய முயற்சியில் 1953 ஏப்ரல் 29ஆம் திகதி திஹுவானாவின் ஆறாம் அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியது. சான் டியேகோவின் 10ஆம் அலைவரிசை அதே வருடம் செப்டெம்பரில்தான் வந்தது. ஆகவே அந்த வட்டாரத்தின் இரண்டாவது தொலைக்காட்சி நிலையம் மெக்சிகோ மண்ணிலிருந்துதான் வந்தது.

கோபுரம் திஹுவானாவின் சான் அந்தோனியோ குன்றில். அனுமதிப்பத்திரம் மெக்சிகோவினுடையது. ஆனால் அமெரிக்கப் பக்கத்து வேலைகளையும் விளம்பர விற்பனையையும் பார்த்தது கலிபோர்னியாவில் இயங்கிய ஒரு கம்பனி. ஆரம்பத்தில் ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து நிகழ்ச்சிகள் வந்தன. 1960இல் அதே குழுமம் 12ஆம் அலைவரிசையையும் தொடங்கியது. அதன்பின் ஸ்பானியம் 12க்குப் போனது. 6 முழுக்க ஆங்கிலமாயிற்று. ஓர் ஊர், இரண்டு நிலையங்கள்; ஒன்று தன் மக்களோடு பேசியது, மற்றது பக்கத்து வீட்டோடு பேசியது.

அன்றைய அமெரிக்காவில் மூன்று பெரிய வலையமைப்புகள்: சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. சான் டியேகோவில் 8 சி.பி.எஸ்.ஐ எடுத்தது. 10 என்.பி.சி.ஐ எடுத்தது. மூன்றில் பலம் குறைந்த ஏ.பி.சி. இடமில்லாமல் நின்றது. 1956இல் அது எல்லைக்கு அப்பாலிருந்த 6ஐத் தேடி வந்தது. நிகழ்ச்சிகளை எல்லை தாண்டி அனுப்ப 325ஆம் பிரிவின் கீழ் அனுமதி வேண்டியிருந்தது. ஆணைக்குழு கொடுத்தது. சான் டியேகோ நிலையத்தார் விடவில்லை; நீதிமன்றம்வரை போனார்கள். என்றாலும் ஏ.பி.சி. 6இலேயே தொடர்ந்தது. பதினாறு, பதினேழு வருடங்களாகச் சான் டியேகோ மக்கள் ஏ.பி.சி. நிகழ்ச்சிகளை மெக்சிகோவிலிருந்து பார்த்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது என்ற நினைப்பே இருந்திருக்காது. பெட்டியில் 6 என்று திருப்பினால் படம் வரும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த அனுமதி நிரந்தரமானதல்ல, புதுப்பிக்க வேண்டியது. இதற்கிடையில் சான் டியேகோவில் யூ.எச்.எப். வரிசையில் 39ஆம் அலைவரிசை தொடங்கியிருந்தது. முன்பு பெரும்பாலான பெட்டிகளில் யூ.எச்.எப். தெரியாது. 1962இல் இயற்றிய சட்டத்தின்படி, 1964 முதல் புதிய பெட்டிகள் எல்லாம் இரண்டு வரிசையையும் காட்டும்படி செய்யப்பட்டன. 39க்காரர்கள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள்: "எங்கள் நகரத்திலேயே, எங்கள் நாட்டு அனுமதியோடு நாங்கள் இருக்கும்போது, அயல்நாட்டு நிலையத்துக்கு ஏன் அமெரிக்க நிகழ்ச்சி?" 1972இல் ஆணைக்குழு அதை ஏற்று ஏ.பி.சி.யின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 1973இல் ஏ.பி.சி. 39க்குப் போனது.

இதில் ஒரு வேடிக்கை. இவ்வளவு போராடி ஏ.பி.சி.யைப் பெற்ற 39, நாலே வருடத்தில் அதை இழந்தது. 1977இல் ஏ.பி.சி. 10ஆம் அலைவரிசைக்குத் தாவியது. வலையமைப்புகளுக்கு நிலையத்தின் மீது பாசம் கிடையாது. யார் கூடப் பார்வையாளரைத் தருவாரோ அவரிடம் போகும்.

திஹுவானா 6 என்ன செய்தது? மூடிவிட்டுப் போகவில்லை. பழைய திரைப்படங்கள், சிறுவர் சித்திரப்படங்கள், மறு ஒளிபரப்பாகும் தொடர்கள் என்று எந்த வலையமைப்பையும் சாராத நிலையமாகப் பிழைத்தது. வானொலிக்காரனான எனக்குப் பிடித்த ஒரு தகவலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய அனலொக் முறையில் 6ஆம் அலைவரிசையின் ஒலி 87.75 மெகாஹேட்ஸில் போகும். அது எப்.எம். வானொலி அளவுகோலின் அடிநுனி. ஆகவே சாதாரண எப்.எம். பெட்டியின் முள்ளை இடக்கோடிக்குத் திருப்பினால், தொலைக்காட்சியை வானொலி போலக் கேட்கலாம்.

1986இல் ஃபொக்ஸ் என்ற புதிய வலையமைப்பு தோன்றியது. அக்டோபர் 9ஆம் திகதி அதன் முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பான நாளிலேயே திஹுவானா 6 அதில் இணைந்திருந்தது. மறுபடி பழைய 325 வந்து நின்றது. பதிவு செய்த நிகழ்ச்சிகளை ஒளிநாடாவில் கொண்டுபோகலாம். ஆனால் 1994இல் அமெரிக்கக் கால்பந்தாட்டப் போட்டிகளின் உரிமை ஃபொக்ஸுக்குக் கிடைத்தது. விளையாட்டை நாடாவில் பதிந்து காரில் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? நேரடியாக அனுப்ப வேண்டும். நேரடி என்றால் அனுமதி. அனுமதி கிடைத்தது, சான் டியேகோவின் இன்னொரு நிலையம் எதிர்த்து நீதிமன்றம் போனது, 1996இல் நீதிமன்றம் ஆணைக்குழுவின் காரணங்கள் போதாது என்று திருப்பி அனுப்பியது. ஆயினும் ஃபொக்ஸ் 6இலேயே நிலைத்தது. ஆட்டுச் சுரப்பி வைத்தியரைத் தடுக்க எழுதிய சட்டம், அறுபது வருடம் கழித்துக் கால்பந்தாட்டத்தின் வழியில் குறுக்கே நின்றதைப் பாருங்கள்.

இதுவரை வடக்கைப் பற்றியே சொன்னேன். தெற்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வானலை மெக்சிகோ மக்களின் சொத்து. 1960ஆம் ஆண்டு மெக்சிகோவின் வானொலி, தொலைக்காட்சிச் சட்டம் நாட்டு மொழியிலேயே ஒளிபரப்ப வேண்டும் என்றது. விசேட காரணம் இருந்தால் மட்டுமே அரசு வேறு மொழிக்கு இடம் கொடுக்கலாம். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலையங்கள் அன்றாட ஒளிபரப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தேசிய கீதத்தை ஒலிக்க வேண்டும். ஆக, ஆங்கிலம் பேசிய நிலையமும் மெக்சிகோச் சட்டத்துக்குள்தான் வாழ்ந்தது. அதன் இருப்பு ஒரு பக்கம் மெக்சிகோ அரசின் இசைவிலும், மறுபக்கம் அமெரிக்க ஆணைக்குழுவின் இசைவிலும் தொங்கியது.

1999 டிசம்பரில் நிலையம் ஒரு நல்ல காரியம் செய்தது. சான் டியேகோக் கலையகத்திலிருந்து இரவு பத்து மணிக்குச் சொந்தச் செய்தி அறிக்கையைத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் பிறர் செய்ததைக் காட்டிய நிலையம், தானே ஊடகவியலாளர்களை வைத்து, அந்த ஊர்த் தெருக்களின் செய்தியைச் சொல்லத் தொடங்கியது. வாங்கிவந்த சரக்கல்லாமல் தன் கையால் செய்த சரக்கு.

ஆனால் 2008 ஆகஸ்ட் 1ஆம் திகதி, இருபத்திரண்டு வருட உறவை முறித்து ஃபொக்ஸ் போய்விட்டது. சான் டியேகோவிலேயே அனுமதி பெற்ற 69ஆம் அலைவரிசைக்கு மாறியது. 69 வைத்திருந்த சி.டபிள்யூ. என்ற சிறிய வலையமைப்பு 6க்கு வந்தது. பெரிய வருமானம் போய்விட்டது. செய்தி மட்டும் தொடர்ந்தது.

2013இல் திஹுவானாவுக்கு இன்னொரு சோதனை. மெக்சிகோவில் அனலொக் ஒளிபரப்பை நிறுத்தி டிஜிற்றலுக்கு மாறும் திட்டத்தின் முதல் நகரமாக அதைத் தெரிவு செய்தார்கள். மே 28ஆம் திகதி அனலொக் நிறுத்தப்பட்டது. புதிய பெட்டியோ மாற்றிக் கருவியோ இல்லாத வீடுகளில் திரை வெறுமையானது. மாநிலத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சில நாட்களிலேயே அனலொக்கைத் திரும்பக் கொண்டுவந்து, தேர்தல் முடிந்தபின் ஜூலை 18ஆம் திகதிதான் இறுதியாக நிறுத்தினார்கள். கடைசிவரை பழைய பெட்டியையே நம்பியிருப்பவர்கள் ஏழைகளும் முதியவர்களும்தான் என்பதைத் திஹுவானா காட்டியது. எம்மவர் பலர் இந்த நாடுகளுக்கு வந்த புதிதில், தமிழ் வானொலி கேட்பதற்கென்றே விசேட வானொலிப் பெட்டி வாங்கியதை நினைத்துப் பாருங்கள். தொழில்நுட்பம் மாறியபோது அந்தப் பெட்டிகள் அலுமாரிக்குள் போயின. அவற்றோடு எத்தனை அம்மம்மாமாரின் மாலைப் பொழுதும் போயிற்று.

முடிவு 2017இல் வந்தது. சி.டபிள்யூ. சான் டியேகோவின் 8ஆம் அலைவரிசைக்காரரிடம் போகப் போகிறது என்று தெரிந்ததும், ஆங்கில ஒளிபரப்பையே நிறுத்துவதென்று முடிவாயிற்று. மார்ச் 31ஆம் திகதி கடைசிச் செய்தி அறிக்கை. மே 31ஆம் திகதியோடு சி.டபிள்யூ. முடிந்தது. அதற்குப்பின் திஹுவானா 6, மெக்சிகோ நகரிலிருந்து வரும் தெலெவிசாவின் கனால் சிங்கோ என்ற வலையமைப்பை அஞ்சல் செய்யும் நிலையமாயிற்று. கோபுரம் விழவில்லை. அலையும் நிற்கவில்லை. பேச்சு மாறிவிட்டது.

"போகட்டும், கடைசியில் தன் நாட்டு மொழிக்குத் திரும்பிவிட்டதே, நல்லதுதானே" என்று சிலர் சொல்லக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது முழு உண்மையல்ல. ஆங்கிலத்தில் பேசியபோது அந்த நிலையம் சான் டியேகோவினுடையது. ஸ்பானியத்துக்கு மாறியபின் அது மெக்சிகோ நகரத்தினுடையது. குன்றில் கோபுரத்தைத் தாங்கிய திஹுவானா ஊருக்கு ஆறாம் அலைவரிசையில் பெரும்பாலும் சொந்தக் குரல் இருந்ததில்லை. அந்த ஊர் மக்கள் தமது ஊர்ச் செய்திக்குப் 12ஐத்தான் பார்த்தார்கள். ஊரில் கோபுரம் இருப்பது வேறு. ஊருக்குக் குரல் இருப்பது வேறு.

நேயர்களே, இதைத்தான் நான் உங்கள் முன் வைக்க விரும்பினேன். ஒரு நிலையத்துக்கு நாலு கால்கள்: அனுமதி, கோபுரம், நிகழ்ச்சி, நேயர். திஹுவானா 6க்கு அனுமதி இரண்டு அரசுகளின் கையில், நிகழ்ச்சி வலையமைப்புகளின் கையில், நேயர் இன்னொரு நாட்டில். தன்னுடையதென்று உறுதியாக இருந்தது கோபுரம் ஒன்றுதான். அதனால் ஏ.பி.சி. போனபோது ஆடியது, ஃபொக்ஸ் போனபோது ஆடியது, சி.டபிள்யூ. போனபோது விழுந்தது. தன் கையால் செய்த செய்தி பதினேழு வருடம் ஓடியது. அதையும் தனியாகத் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அதன் செலவைச் சுமந்தது வாங்கிவந்த நிகழ்ச்சியின் வருமானம்.

எங்கள் சமூக வானொலிகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வானலை வாடகைக்கு எடுத்தது. அனுமதி இந்த நாட்டு அரசு தந்தது. அவை இரண்டும் எங்கள் கையில் இல்லை; அதற்காக வருந்திப் பயனில்லை. ஆனால் நிகழ்ச்சி எங்கள் கையில் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் பாட்டையும் நேர்காணலையும் நாள் முழுக்கப் போட்டு நேரத்தை நிரப்புவது இலேசு. அதை வேறு யாரும், இன்னும் மலிவாக, இன்னும் தெளிவாகத் தரலாம். இணையம் வந்தபின் தந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் வாழும் ஓர் ஐயா, தான் கப்பலேறிய கதையைத் தன் வாயால் சொல்வதை வேறு யார் தருவார்கள்? இங்கே பிறந்த பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழில் செய்தி வாசிப்பதை எந்த வலையமைப்பு வந்து பறிக்கும்? முதியோர் கொடுப்பனவுப் படிவம் நிரப்புவது எப்படி என்று எமது மொழியில் விளக்குவதை யார் போட்டி போட்டுச் செய்வார்கள்?

அப்படியான நிகழ்ச்சிக்கு ஆளும் நேரமும் காசும் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். விளம்பரக்காரர்கள் அதற்கு வரிசையில் நிற்க மாட்டார்கள். அந்தச் செலவைச் சுமக்க வேண்டியவர்கள் நேயர்களாகிய நீங்கள்தான்: சந்தாவாக, தொண்டாக, சனிக்கிழமை காலை ஒரு மணித்தியாலம் கலையகத்துக்கு வந்து குரல் கொடுப்பதாக. நிகழ்ச்சியும் நேயரும் என்ற இரண்டு கால்களாவது எங்களுடையதாக இருந்தால், வானலை மாறினாலும், பெட்டி மாறினாலும், குரலை வேறோர் இடத்தில் ஊன்றி நிறுத்தலாம்.

வீட்டில் ஒரு மூத்தவர் இருந்தால் அவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: அந்தக் காலத்தில் எந்த நிலையத்தைக் கேட்டீர்கள், எங்கே வைத்துக் கேட்டீர்கள் என்று. அவர் சொல்வதைப் பதிந்து எங்களுக்கு அனுப்புங்கள். ஒலிபரப்புவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.